கொடைக்கானல் குளிரில் நான்ஸ்டிக் பேன்: எதைப் பார்த்து வாங்குவது

நான்ஸ்டிக் பேன் வாங்கக் கடைக்குப் போனால் பெட்டியை முதலில் படிக்காதீர்கள். ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு, கிரானைட், மார்பிள், வைரம் என்று அதில் என்னென்னவோ எழுதியிருக்கும். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு பேனை வெளியே எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். அடி கனமாக இருக்கிறதா? பாயசம் கிண்டவும் பால் சுண்டக் காய்ச்சவும் "அடி கனமான பாத்திரமா எடு" என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அதே கணக்குதான் இதற்கும். பூச்சு எந்தப் பெயரில் இருந்தாலும் அதைக் காப்பாற்றுவது அடியில் இருக்கும் உலோகம்தான். மலையில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

நான் கொடைக்கானலில் குடித்தனம் தொடங்கிய வருடம் வாங்கிய முதல் பேன் பார்க்க அவ்வளவு அழகு, கல் மாதிரி புள்ளி புள்ளியாக, கையில் எடுத்தால் தட்டு போல லேசாக இருந்தது. லேசாக இருப்பதே வசதி என்று நினைத்துதான் வாங்கினேன். மார்கழி மாதம் ஒரு நாள் காலையில் ஆம்லெட் போட்டு முடித்து, சூடு குறையாமலே குழாயடியில் பிடித்தேன். இங்கே அந்த மாதத் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, கை மரத்துப்போகும். "டப்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நடு அடி மேலே புடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் எண்ணெய் ஊற்றினால் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும், நடுவில் முட்டை காய்ந்து ஒட்டும். மூன்று மாதம்கூட ஆகவில்லை. சூடான மெல்லிய அலுமினியத்தில் குளிர்ந்த நீர் பட்டால் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், மற்ற இடம் சுருங்காது, தகடு நெளியும். மதுரையில் வெதுவெதுப்பாக வரும் குழாய்த் தண்ணீருக்கு ஓரளவு தாங்கியிருக்கும் பேன் இங்கே தாங்காது. கனமான அடி உள்ள பேன் அவ்வளவு எளிதில் நெளிவதில்லை, ஆனாலும் அதையும் ஆறவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

சரி, கனத்தைக் கடையில் எப்படிப் பார்ப்பது? பெட்டியில் நீங்கள் படிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு, அது உலோகத்தின் தடிமன். 3 மில்லிமீட்டர், அதற்கு மேல் என்றால் நல்லது. போடவே இல்லையென்றால் எடையைப் பாருங்கள். 24 சென்டிமீட்டர் பேன் மூடி இல்லாமல் முக்கால் கிலோவைத் தொட்டால் நம்பலாம், அரைக் கிலோகூட இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் "அண்ணே, கண்ணாடி மேசை மேல ஒரு தடவ வச்சுப் பாத்துக்கறேன்" என்று கேட்டு, சமதளத்தில் வைத்து விளிம்பின் நாலு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஆடக் கூடாது. லேசாகச் சுற்றிவிட்டால் பம்பரம் போல் சுழன்றாலும் வேண்டாம், அடி ஏற்கெனவே வெளிப்பக்கம் குவிந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பாத்திரக்கடைகளில் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் ஊர்தானே நமது.

அடி கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேஸ் அடுப்பின் பர்னரில் தீ வட்டமாக வளையம் போல எரிகிறது, நடுவில் தீ இல்லை. மெல்லிய பேனில் அந்த வளையம் அப்படியே பதியும்: ஆம்லெட்டில் வட்டமாக ஒரு கருகல் கோடு, நடுவில் வேகாத முட்டை. கனமான அலுமினியம் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். பூச்சு சீக்கிரம் போவதும் அந்தக் கருகல் வளையத்தில்தான் தொடங்கும், பழைய பேன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. இது எதற்கு என்று முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் நான்ஸ்டிக் முட்டைக்கும், மீனுக்கும், பனீருக்கும், பிள்ளைகளுக்கான பான்கேக்குக்கும், உடைந்துபோகிற மெல்லிய ரவா தோசைக்கும் மட்டும் இருந்தால் போதும். தினசரி தோசைக்கு அம்மா கொடுத்த இரும்புக் கல் இருக்கிறது, எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன அந்தக் கல்லுக்கு எந்தப் பூச்சும் ஈடில்லை. சப்பாத்திக்கு நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் எண்ணெய் இல்லாமல் காய்ந்த சூட்டில் அரை மணி நேரம் வைக்கிறோம், பூச்சுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தாளிப்பதற்கும் வேண்டாம். கடுகு வெடிக்கிற சூடு வரும்வரை நாம் வேறு வேலை பார்ப்போம், கவனம் போய்விடும். இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் பெரிய செட் எதுவும் தேவையில்லை. கடாய், தவா, பேன், மூடி என்று மூன்று நான்கு சேர்த்துத் தள்ளுபடியில் கொடுப்பார்கள், அதில் நமக்கு உருப்படியாகப் பயன்படுவது ஒன்றுதான், அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு நல்ல பேன் வாங்கிவிடலாம்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுவது, பெட்டியில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் மேல்வாயின் அளவு. 24 என்றால் தட்டையான அடி அதைவிட நாலைந்து சென்டிமீட்டர் குறைவாகத்தான் இருக்கும். ஒருவருக்கு 20, மூன்று பேர் வீட்டுக்கு 24. 28 வாங்கினால் பெரிய பர்னர் வேண்டும், சின்ன பர்னரில் வைத்தால் ஓரம் சூடாவதே இல்லை.

பூச்சுக்கு வருவோம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு, டெஃப்லான் என்று நாம் சொல்வது இதைத்தான். 1938-ல் அமெரிக்காவில் டியூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயுவைப் பற்றி ஆராயும்போது தற்செயலாகக் கிடைத்த பொருள். பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் 1950-களில் அதை அலுமினியத்தின் மேல் ஒட்டவைக்க வழி கண்டுபிடித்தார், மீன்பிடி கருவிகளுக்குப் பூசியவர் மனைவி சொல்லிப் பேனுக்கும் பூசினார் என்பார்கள். கிரானைட், மார்பிள், கல் என்று விற்கப்படுவதில் பலவும் இதே பூச்சில் புள்ளி வைத்ததுதான், உள்ளே கல் இருக்கிறது என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அடுக்குகள் கூடினால் கொஞ்சம் தேய்மானம் தாங்கும், அது உண்மை. ஆனால் எல்லா அடுக்கும் சேர்ந்தும் தலைமுடி கனம்தான் வரும், ஸ்டீல் கரண்டிக்கு அது எம்மாத்திரம்.

செராமிக் பூச்சு வேறு. அது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது, பி.டி.எஃப்.இ. இல்லை, அதிகச் சூட்டில் பி.டி.எஃப்.இ. விடும் கெட்ட புகையும் இதில் வராது. புதிதில் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் அந்த வழவழப்பு பி.டி.எஃப்.இ. அளவுக்கு நாள்பட நிற்பதில்லை. ஹார்ட் அனோடைஸ்டு என்பது இன்னொன்று, கடைக்காரர்கள் சிலர் இதையும் நான்ஸ்டிக் என்றே சொல்லிவிடுகிறார்கள். அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கெட்டியான ஆக்சைடாக மாற்றுவது அது. உறுதியானது, கறுப்புச் சாம்பல் நிறம், ஆனால் தன்னளவில் ஒட்டாமல் இருக்காது. வெளியே ஹார்ட் அனோடைஸ்டு, உள்ளே நான்ஸ்டிக் பூச்சு என்று இரண்டும் சேர்ந்தும் வருகிறது, அது நல்ல கூட்டு.

அடுத்தது பி.எஃப்.ஓ.ஏ. இல்லை என்ற முத்திரை. அது பி.டி.எஃப்.இ. இல்லை என்று சொல்வதல்ல. பி.எஃப்.ஓ.ஏ. என்பது அந்தப் பூச்சுப் பொருளைத் தொழிற்சாலையில் தயாரிக்கும்போது சேர்க்கப்பட்டு வந்த ஒரு ரசாயனம். பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் அதைக் கைவிட அமெரிக்காவில் ஒப்புக்கொண்டன, 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஆகவே அந்த முத்திரை இல்லாத பேனை வாங்காதீர்கள். ஆனால் பெரிய கெடுதல் நடந்தது சமைத்தவர்களின் அடுப்படியில் அல்ல, தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊர்களின் குடிநீரில். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அப்படித்தான் நடந்தது. கொடைக்கானல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பாம்பார் சோலைக்கு மேலே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுக்காக 2001-ல் மூடப்பட்டது. அந்தத் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக் காய்ச்சல் பார்த்தவர் எங்கோ சௌக்கியமாக இருந்தார், பாதரசம் நம் மண்ணில் தங்கியது. அதனால்தான் வருடத்துக்கு ஒரு மலிவுப் பேன் வாங்கித் தூக்கிப்போடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு புதுப் பேனுக்கும் பின்னால் எங்கோ ஒரு தொழிற்சாலை இருக்கிறது, பழைய ரசாயனத்துக்குப் பதிலாக வந்தவற்றில் பலவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை, மண்ணில் லேசில் மக்காதவை. நல்லதாக ஒன்று வாங்கி நான்கு வருடம் காப்பாற்றுங்கள்.

துணுக்கு உரிந்து வாய்க்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பி.டி.எஃப்.இ. எதனோடும் வினை புரியாத பொருள், உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். பயப்பட வேண்டியது புகைக்குத்தான்.

சுமார் 260 டிகிரிக்கு மேல் இந்தப் பூச்சு சிதையத் தொடங்குகிறது, 350-ஐத் தாண்டினால் வேகமாக. வெறும் பேனைப் பெரிய தீயில் சில நிமிடம் மறந்து வைத்தால் அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் ஃப்ளூ மாதிரி காய்ச்சலும் நடுக்கமும் வரலாம், கூண்டுப் பறவைகளுக்கு உயிரே போய்விடும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டை அடுக்களைப் பக்கமே வைக்காதீர்கள், முடிந்தால் செராமிக்கே வாங்குங்கள். கீழே சமவெளியில் அடுக்களை ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். இங்கே மஞ்சு உள்ளே வந்துவிடும் என்று ஐப்பசியிலிருந்து மாசி வரை பூட்டித்தான் வைக்கிறோம். குளிரட்டும், பேன் அடுப்பில் இருக்கும் நேரமாவது ஒரு கதவைத் திறந்து வையுங்கள்.

இன்னொரு மலைப் பழக்கம் உண்டு. குளிரில் எல்லாம் மெதுவாகத்தான் சூடாகும் என்று பெரிய தீயில் தொடங்குகிறோம். சிலிண்டர் குளிர்ந்திருந்தால் தீயும் சோம்பலாக எரியும், குமிழை இன்னும் திருப்புவோம். நான்ஸ்டிக்குக்கு இது ஆகாது. பேனில் எண்ணெயோ வெண்ணெயோ போட்ட பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள், நடுத்தரத் தீ போதும். சூடு பார்க்க எண்ணெய் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: சுர்ரென்று பொரிந்து அடங்கினால் சரியான சூடு, முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு ஏறிவிட்டது, இறக்கிவிடுங்கள். வெண்ணெய் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாவதும், சூரியகாந்தி எண்ணெய் புகைவதும் இதே எச்சரிக்கைதான்.

பொரியலைப் பேனிலேயே மூடி போட்டு வேகவைக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர அந்தச் சூட்டைத் தாண்டாது, பீன்ஸும் உருளைக்கிழங்கும் அதே நேரம்தான் எடுக்கும், வற்றினதும் அடி பிடிக்கும், கரண்டியால் சுரண்டுவோம், பூச்சு போகும். காயைக் குக்கரில் வேகவைத்துவிட்டுக் கடைசியில் பேனில் போட்டுப் புரட்டுங்கள். மலைப்பூண்டை நெய்யில் வதக்குவது மட்டும் சிறு தீயில் பேனிலேயே செய்யலாம், பத்து நிமிடத்தில் வெண்ணெய் போலக் குழையும், ஒட்டவே ஒட்டாது. எனக்குத் தெரிந்து இந்தப் பேனை வாங்கியதற்கு அது ஒன்றே போதும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்தால் கடைக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். அடி முழுவதும் நன்றாகக் கவ்விப் பிடிக்க வேண்டும். சில பேன்களில் அலுமினிய அடியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட மெல்லிய ஸ்டீல் தகடு மட்டும் பதித்திருப்பார்கள், காந்தம் பட்டும் படாமலும் ஒட்டும், அது வேலை செய்யும் ஆனால் மந்தம். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆகவே கேஸுக்கும் இண்டக்‌ஷனுக்கும் இரண்டுக்கும் ஆகிற அடியாகவே வாங்குங்கள். இண்டக்‌ஷனில் முழு வேகத்தில் தொடங்காதீர்கள், கேஸைவிட வேகமாகச் சூடேறும். விறகடுப்பில் மட்டும் எந்த நான்ஸ்டிக்கையும் வைக்க வேண்டாம், தணலின் சூடு நம் கையில் இல்லை.

கைப்பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். திருகாணி வைத்தது தளர்ந்தால் நாமே முறுக்கிக்கொள்ளலாம், ரிவெட் அடித்தது தளராது ஆனால் உள்ளே அந்தக் குமிழைச் சுற்றி அழுக்கு தங்கும். எது பிடித்ததோ அது. மூடி கண்ணாடியாக இருந்தால் திறக்காமலே பார்க்கலாம்.

விலைக்கு வந்தால், மிக மலிவும் வேண்டாம், மிக அதிகமும் வேண்டாம். எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பூச்சுக்கு ஆயுள் உண்டு. நாலாயிரம் கொடுத்த பேனின் பூச்சும் ஒரு நாள் போகும், அதனால் ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்குள் கனமான அடியோடு கிடைத்தால் எடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவித்து வைத்திருப்பதை நான் வாங்குவதில்லை, கூட்டத்தில் நிதானமாகப் பார்க்க முடியாது, ரசீதும் இருக்காது. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கும் நாளில் கடையில் நின்று பார்த்து வாங்கி, ரசீதும் உத்தரவாத அட்டையும் பத்திரமாக வையுங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே அடியைச் சமதளத்தில் வைத்துப் பார்த்து, ஆடினால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதில் ஒன்று மலைக்கே உரியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நம் ஊரில் பாதி வருடம் பாட்டிலில் கட்டியாகத்தான் கிடக்கும், வெயிலில் வைத்துத்தான் எடுக்கிறோம். சமைத்த பேன் ஆறியதும் அதே எண்ணெய் அடியில் மெழுகு போலப் படியும். பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் போகாது, போகவில்லை என்று ஸ்டீல் நாரை எடுப்போம், அங்கேதான் பேன் கெட்டுப்போகிறது. என் இரண்டாவது பேனை நான் தீர்த்தது இப்படித்தான், யார் சொல்லியும் தெரியவில்லை, கீறல் விழுந்த பிறகுதான் புரிந்தது. பேன் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும், வெந்நீர் ஊற்றி, சோப்புத் துளி விட்டு, மென்மையான பஞ்சால் ஒரு சுற்று. இரண்டு நிமிட வேலை. நாளாக ஆகப் பழுப்பாகப் பிசின் போலப் படிந்திருந்தால் அது கருகிய எண்ணெய், பூச்சு போகவில்லை. வெந்நீரில் ஒரு கரண்டி சோடா உப்பு கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள், வழவழப்பு பெரும்பாலும் திரும்பி வரும்.

மரக்கரண்டியோ சிலிகோன் கரண்டியோ மட்டும் பயன்படுத்துங்கள். பேனுக்குள்ளேயே கத்தியால் ஆம்லெட்டை வெட்டாதீர்கள். வீட்டுக்கு வரும் உறவினர் யாராவது அன்போடு ஸ்டீல் தோசைத் திருப்பியை எடுப்பார்கள், அத்தையோ சித்தியோ யாராக இருந்தாலும் "இதுக்கு இந்தக் கரண்டி, அத்தே" என்று சிரித்தபடி கையில் மாற்றிக் கொடுத்துவிடுங்கள், சொல்லாமல் இருந்தால் பேன் போய்விடும். அடுக்கி வைக்கும்போது இடையில் ஒரு பழைய துணி. புளி போட்ட குழம்பை ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவைக்க வேண்டாம், கீறல் வழியாகப் புளிப்பு இறங்கி அலுமினியத்தை அரிக்கும்.

முட்டை உடைத்து ஊற்றினால் எண்ணெய் விட்டும் ஒட்டுகிறது, சோடா உப்பில் ஊறவைத்தும் மாறவில்லை, கீறலில் வெள்ளி நிறம் தெரிகிறது, இல்லை பூச்சு செதில் செதிலாக எழும்புகிறது என்றால் அதன் நாள் முடிந்தது. அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பழைய சாமான் எடுக்க வருகிறவரிடம் கொடுங்கள், அலுமினியம் என்று எடை போட்டு எடுத்துக்கொள்வார். கைப்பிடியைக் கழற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது.